வாசலுக்கு வரும் நாய் குரூமிங் வேன்: அழைக்குமுன் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்கள் நாய் காரில் ஏறினாலே வாந்தி எடுக்கிறது என்பதால், வீட்டு வாசலுக்கே வந்து நாயைக் குளிப்பாட்டி, முடியும் நகமும் வெட்டிவிடும் நடமாடும் குரூமிங் வேனை முதன்முறையாக அழைக்க எண்ணியிருப்பதாகவும், அதற்குமுன் எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் காக்கர் ஸ்பானியல் சிட்டுவுக்கும் இதே தொல்லை உண்டு. அவளுக்காக ஆறு ஆண்டுகளாக இந்தச் சேவையைப் பயன்படுத்தி வருகிறேன். பெரும்பாலும் நல்லபடியாகவே நடந்திருக்கிறது. ஒரு முறை மட்டும் அவள் பிழைப்பாளா என்று அஞ்சும் நிலைக்குப் போனோம். இரண்டையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதலில் இதன் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். குரூமிங் கடைக்குப் போகும் நாய் தன் முறை வரும்வரை கூண்டில் காத்திருக்க வேண்டும். சுற்றிலும் முன்பின் தெரியாத நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும். வேனில் அது கிடையாது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் ஒரே நாயைக் கவனிக்கிறார், வேலை முடிந்ததும் நாய் நேராக வீட்டுக்குள் வந்துவிடுகிறது. வயதான நாய்களுக்கும், பிற நாய்களைக் கண்டால் மிரளும் நாய்களுக்கும் இது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஒரே ஆள் என்பதில்தான் இதன் ஆபத்தும் இருக்கிறது. கதவு மூடியபின் உள்ளே நடப்பதைப் பார்க்க வேறு யாரும் இல்லை. பெரிய நாய் ஒன்று மிரண்டு மேசையிலிருந்து குதித்தால் பிடிக்க இரண்டாவது கை இல்லை. பல நாடுகளில் இத்தொழிலைச் செய்ய உரிமமோ தேர்வோ தேவையில்லை என்பதால், அந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கும் பொறுப்பு முழுக்க நம்முடையதாகிவிடுகிறது.

ஆகவே முன்பதிவு செய்யும்போதே, நாயை ஏற்றுமுன் வண்டியின் உட்புறத்தைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். தொழிலில் அக்கறை உள்ளவர் இதற்குத் தயங்குவதில்லை. மேசைக்கு மேலே ஒரு கம்பியில் கண்ணி போன்ற வார் தொங்குவதைக் காண்பீர்கள். நாயை நிற்க வைப்பதற்கு அதைக் கழுத்தில் மாட்டுவார்கள். அது தேவையான கருவிதான். ஆனால் மாட்டிய நிலையில் நாயைத் தனியே விட்டால், வழுக்கி விழும் நாய் அதிலேயே தூக்கு மாட்டிக்கொள்ளும். எனவே, “வாரை மாட்டியபின் எதற்காகவாவது மேசையை விட்டு நகர்வீர்களா?” என்று கேட்டுவிடுங்கள். போன் வந்தால் எடுக்கப் போவேன், தண்ணீர் நிரப்பப் போவேன் என்ற பதில் வந்தால் அவரைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அடுத்தது வெப்பம். நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். அது 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாய்க்கு நம்மைப் போல் உடல் முழுவதும் வியர்க்காது. மூச்சிரைத்து, நாக்கிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. மூடிய வண்டிக்குள் வெந்நீரும் டிரையரும் சேர்ந்து காற்றை ஈரமாக்கிவிடும்போது அந்த ஆவியாதல் சரியாக நடப்பதில்லை. அதனால் உள்ளே இருக்கும் மனிதருக்குச் சற்றுப் புழுக்கமாக மட்டுமே தெரிகிற நேரத்தில், நாய் உண்மையிலேயே ஆபத்தை நெருங்கியிருக்கலாம். பக், புல்டாக், ஷிட்ஸு போன்ற சப்பை மூக்கு நாய்களும், பருத்த நாய்களும், இதய நோய் உள்ளவையும் இதில் முதலில் பாதிக்கப்படும். வண்டியின் ஏசி எதில் ஓடுகிறது, ஜெனரேட்டர் நடுவில் நின்றால் என்ன செய்வார் என்று கேளுங்கள். கதவைத் திறந்து நாயை வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்பதே சரியான பதில். கூண்டுக்குள் வைத்துச் சூடான காற்றைச் செலுத்தும் டிரையரால் நாய்கள் இறந்திருக்கின்றன. கையில் பிடித்து உலர்த்தும் டிரையருக்கு மட்டுமே நான் சம்மதிக்கிறேன்.

இனி, எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இதைப் பற்றி அப்போது ஒருவரும் எங்களிடம் சொல்லவில்லை. ஒரு முறை சிட்டு நன்றாகக் குளித்து, மணக்க மணக்க வீட்டுக்குள் வந்தாள். மறுநாள் மாலை கிண்ணத்தில் வைத்த சாப்பாட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றாள். தடவிக்கொடுக்கலாம் என்று முதுகில் கை வைத்ததும் வீறிட்டாள். நான் அதுவரை அவளிடம் கேட்டிராத குரல் அது. முடியை மெல்ல விலக்கிப் பார்த்தால், முதுகுத்தண்டின் நெடுகிலும் கடுகளவில் சிவந்த கொப்புளங்கள், சிலவற்றில் இரத்தம் கட்டியிருந்தது. கால்நடை மருத்துவர் காய்ச்சலைப் பார்த்தார். 40 டிகிரிக்கு மேல் இருந்தது. அதன்பின் அவர் கேட்ட முதல் கேள்வியே, “கடைசியாக எப்போது குளிப்பாட்டினீர்கள்?” என்பதுதான்.

குளியலுக்குப் பின் மயிர்க்கால்களின் ஆழத்தில் வரும் கடுமையான தொற்று இது. பெரும்பாலும் ஒன்றிரண்டு நாட்களுக்குள் வெளிப்படும்; சூடோமோனாஸ் என்னும் பாக்டீரியாதான் வழக்கமான காரணம். கெட்டியான ஷாம்பூவில் கிருமி வளராமலிருக்கப் பதப்பொருள் சேர்த்திருப்பார்கள். அதைத் தண்ணீர் விட்டுக் கலக்கி வைத்தால் பதப்பொருளின் வலு குறைந்துவிடுகிறது. ஈரத்திலேயே வாழும் இந்தக் கிருமி அந்தப் புட்டிக்குள் நாள்கணக்கில் பெருகும். பிறகு அதே ஷாம்பூவை முடியின் போக்குக்கு எதிராக அழுத்தித் தேய்க்கும்போது, மயிர்க்கால்களுக்குள் கிருமியை நாமே தள்ளிவிடுகிறோம். சிட்டுவின் கொப்புளத்திலிருந்து எடுத்த மாதிரியிலும் இந்தக் கிருமியே வளர்ந்தது. வலி மருந்தும், சில வாரங்கள் நீடித்த ஆன்டிபயாடிக் மாத்திரையுமாக அவளைத் தேற்றினோம். வேன்காரரிடம் கேட்டபோது, கலக்கிய ஷாம்பூ தீரத் தீர அதே புட்டியிலேயே மேலும் ஊற்றி வந்ததாகச் சொன்னார். அதில் தவறு இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. தண்ணீரைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு, வீடு வீடாகப் போய், குறுகிய இடத்தில் வேலை செய்பவர் நேரத்தை மிச்சப்படுத்த முன்கூட்டியே கலக்கி வைப்பது இயல்பு என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அன்றன்று, முடிந்தால் ஒவ்வொரு நாய்க்கும் தனியே கலக்குகிறாரா, மீதியைக் கொட்டிவிட்டுப் புட்டியைக் கழுவி உலர்த்துகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் நீங்களே ஒரு புதிய ஷாம்பூப் புட்டியைக் கொடுத்துவிடலாம். இப்போது நான் செய்வது இதுதான். ஆனால் அது நாய்களுக்கென்றே தயாரித்ததாக இருக்க வேண்டும். நம் தோலைவிட நாயின் தோல் மெல்லியது, அதன் அமிலத்தன்மையும் குறைவு. மனிதர்களுக்கான ஷாம்பூ அதற்கு ஒத்துவராது. உண்ணிக்காகக் கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருந்தால், அதற்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் குளியல் வேண்டாம். மருந்து தோலில் சரியாகப் பரவாமல் வீணாகிவிடும்.

முடியில் விழும் சிக்கைப் பற்றிப் பலரும் வேன்காரரிடம் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பஞ்சு போன்ற நாயை ஏற்றிவிட்டு, ஒட்ட மழித்த நாயைத் திரும்பப் பெறும்போது கோபம் வருவது இயற்கைதான். ஆனால் இதில் நியாயம் பெரும்பாலும் குரூமர் பக்கமே இருக்கிறது. மேலே பார்க்க வழவழவென்று இருந்தாலும், காதுக்குப் பின்னால், அக்குளில், கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடையின் உட்புறத்தில் முடி கம்பளியாகத் திரண்டிருக்கும். தண்ணீர் பட்டால் அது இன்னும் இறுகும். அதைச் சீப்பால் இழுத்துப் பிரிப்பது தோலைப் பிய்ப்பதற்குச் சமம். மழிப்பதே நாய்க்கு இரக்கம். மழித்தபின் உள்ளே சிவப்பும் புண்ணும் தெரிந்தால், பல நேரங்களில் அவை சிக்கின் கீழ் முன்பே இருந்தவைதான். காது மடலில் கனத்த சிக்கை எடுத்தபின் நாய் தலையை வேகமாக உதறி, மடலுக்குள் இரத்தம் கட்டிக்கொள்வதும் உண்டு. இதற்கெல்லாம் தீர்வு வீட்டில்தான் இருக்கிறது. இரண்டு நாளுக்கு ஒருமுறை முடியை வகிடு வகிடாகப் பிரித்து, சீப்பின் பல் தோலைத் தொடும்வரை வாருங்கள்; சீப்பு எங்கே தடைபடுகிறதோ அங்கே சிக்கு தொடங்கிவிட்டது என்று பொருள். வேன் வரும் நாளில், எவ்வளவு நீளம் விட வேண்டும், சிக்கு இருந்தால் மழிக்கச் சம்மதமா என்பதை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன் போன்ற, மேல்முடியும் அதனடியில் அடர்ந்த மென்முடியும் கொண்ட இரட்டை முடி நாய்களை மட்டும், மருத்துவக் காரணம் இல்லாமல், வெயிலுக்காக என்று ஒட்ட மழிக்க விடாதீர்கள். அந்த முடி வெயிலிலிருந்தும் காக்கிறது. மழித்தபின் சில நாய்களுக்குப் பல மாதங்கள் முடி சரியாக வளர்வதில்லை.

தொற்று நோய்களைப் பொறுத்தவரை, உங்கள் நாய்க்குமுன் அதே தொட்டியில் வேறொரு நாய் நின்றிருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். படர்தாமரை முடிவெட்டும் மிஷின் வழியாகப் பரவும், நமக்கும் தொற்றும். குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸ் தரையிலும் கருவிகளிலும் நெடுநாள் உயிரோடிருக்கும், சாதாரண சோப்புக்கு அழியாது. தடுப்பூசித் தொடர் முடியாத குட்டியை ஏற்றலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றை உங்களிடம் கேட்காத குரூமர் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்.

நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. வலிப்பு, மூட்டுவலி, இதய நோய், கழுத்தை அழுத்தினால் இருமல் ஆகியவற்றை மறைக்காதீர்கள். மருக்கள் எங்கே இருக்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். முடிக்குள் மறைந்த மருவை மிஷின் சீவிவிடும். முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். சொன்னால் வரமாட்டாரோ என்ற அச்சத்தில் மறைப்பது அவருக்கும் நாய்க்கும் இழைக்கும் அநீதி. அமைதிப்படுத்த என்று நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்காதீர்கள். சில மருந்துகள் உடம்பைத் தளர்த்துமே தவிர, உள்ளிருக்கும் பயத்தைப் போக்குவதில்லை.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டாம். இப்போது வருபவர் முதல் நாளில் சிட்டுவின் முடியைத் தொடவே இல்லை. வேனின் தரையில் உட்கார்ந்து, அணைத்து வைத்த மிஷினை அவள்முன் வைத்து முகர விட்டார். பிறகு அதைத் தம் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஓட விட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு துண்டு பிஸ்கட் கொடுத்தார். அவள் உதட்டை நக்கியபோதும் கொட்டாவி விட்டபோதும் அவராகவே நிறுத்தினார். அவை தூக்கத்தின் அறிகுறிகள் அல்ல, பதற்றத்தின் அறிகுறிகள் என்பதை அன்றுதான் நான் நேரில் கண்டேன். கடைசியில் நான்கு நகங்களை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினார். கறுப்பு நகத்துக்குள் ஓடும் இரத்தக் குழாய் வெளியே தெரியாது என்பதால் மெல்லிய சீவலாகத்தான் வெட்டினார். இரத்தம் வந்தால் நிறுத்துவதற்கான பொடி பக்கத்திலேயே திறந்து இருந்தது. ஆசனவாய்ச் சுரப்பியைப் பிழிந்துவிடவா என்று சிலர் கேட்பார்கள். தொந்தரவு இல்லாத நாய்க்கு அது வேண்டாம், தொந்தரவு இருந்தால் அது மருத்துவரின் வேலை.

வேன் வரும் நாளில் நாயை முன்னதாகவே நடத்திக் கூட்டிவந்து, சிறுநீர், மலம் கழிக்க விடுங்கள். வண்டி சமதளத்தில், நிழலில் நிற்க இடம் ஒதுக்குங்கள். நாயை வேனுக்குள் கொண்டுபோய், கதவைச் சாத்தியபிறகே சங்கிலியை அவர் கையில் கொடுங்கள். குளிப்பாட்டுவதற்காகக் கழுத்துப் பட்டையைக் கழற்றிய நாய், திறந்த கதவு வழியே தெருவில் பாய்ந்தால் பிடிக்க எதுவும் இருக்காது. வேலை முடியும்வரை வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். பக்கத்திலேயே நின்றால் சில நாய்கள் நம்மிடம் தாவத் துடிக்கும். அப்படியானால் கண்ணில் படாமல், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருங்கள்.

நாய் திரும்பி வந்ததும், வேன் கிளம்புமுன்னரே விரல்களின் இடுக்கு, அக்குள், வயிறு, காதின் உட்புறம் ஆகியவற்றை அவர் முன்னிலையிலேயே பாருங்கள். மிஷினின் பிளேடு சூடேறினால் தோலில் சிவந்த தடம் விழும். அதை அப்போதே காட்டிவிடுவது இருவருக்கும் நல்லது. பயன்படுத்திய ஷாம்பூவின் பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த மூன்று நாட்களில் நாய் சாப்பிட மறுத்தாலோ, சோர்ந்து கிடந்தாலோ, முதுகைத் தொட்டால் வலியால் கத்தினாலோ, மறுபடியும் குளிப்பாட்டாமலும் களிம்பு எதுவும் தடவாமலும் அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டுபோய், எப்போது குளித்தது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.