ஹெல்மரை எப்படி நடிப்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சமீபத்தில் ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தின் நவீன மேடையேற்றம் ஒன்றைப் பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட ஆண்கள், சில ஆண் வேடங்களில் பெண்கள். ஆண்மையையும் ஆணாதிக்கத்தையும் கேள்வி கேட்கும் முயற்சி என்று குறிப்பில் போட்டிருந்தார்கள். ஆணாதிக்கமே இயல்பாக இருந்த காலத்தில் ஓர் ஆண் எழுதியதை வைத்து இதை எப்படிச் செய்வது? புதிதாகவே எழுதிவிடலாமே? பெண்கள் ஆண் வேடம் போட்டதும் வெறும் உத்தியாகத்தான் பட்டது.

கேட்பதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் குழு நார்வே நாடகாசிரியர் இப்சனின் 'பொம்மை வீடு' நாடகத்தை எடுத்திருக்கிறது. எனக்கு நாயகி நோராவின் கணவன் ஹெல்மர் வேடம். பார்ப்பவர்கள் வெறுக்கும்படி நடி என்கிறார் இயக்குநர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

புதிதாகவும் எழுத வேண்டும்தான். ஆனால் பழைய நாடகங்கள் தம் காலத்து ஆண்களைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தன என்று நினைக்காதீர்கள். நீங்கள் பார்த்த மேக்பெத்தையே எடுத்துக்கொள்வோம். அரசனைக் கொலை செய்யத் தயங்கும் கணவன் மேக்பெத்திடம், துணிந்தபோதுதான் நீ ஆணாக இருந்தாய் என்கிறாள் மனைவி. அதற்குமேல் அவனால் மறுக்க முடிவதில்லை. பிறகு நண்பன் பாங்க்வோவைக் கொல்ல ஆள் அமர்த்தும்போது, நீங்களும் ஆண்கள்தானா என்று அவனே அவர்களைச் சீண்டுகிறான். தன்மேல் விழுந்த சாட்டையை அடுத்தவன்மேல் வீசுகிறான்.

நான்காம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மறுபடி படியுங்கள். மேக்பெத்தின் ஆட்கள் தன் மனைவியையும் குழந்தைகளையும் கொன்ற செய்தி, அவனை எதிர்க்கும் பிரபு மேக்டஃபுக்கு வருகிறது. தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறான். குழந்தைகளுமா, மனைவியுமா என்று கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறான். துக்கத்தை வாய்விட்டுச் சொல் என்று தொடங்கும் இளவரசன் மால்கம், கொஞ்ச நேரத்திலேயே இதை ஆண்பிள்ளையாக எதிர்கொள் என்கிறான். மேக்டஃப் சொல்கிறான்: செய்வேன், ஆனால் ஆணாக இதை உணரவும் வேண்டும்.

எனக்கு நாடகத்தின் உச்சமே இந்த வரிதான். சில வரிகளுக்குள் அவன் பேச்சு பழிவாங்கலுக்குத் திரும்பிவிடுகிறது. இதுதான் ஆண்மையான பேச்சு என்று மால்கம் மெச்சுகிறான். ஓர் ஆணின் அழுகையை இன்னொரு ஆண் வாளாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறான். அப்புறம் கடைசியில், மேக்பெத்துக்கு எதிராகப் படை நடத்தி வந்த கிழவர் சிவார்டு. மகன் செத்தான் என்றதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, காயம் முன்பக்கம்தானே என்பது. புறநானூற்றின் அந்த முதிய தாய் ஞாபகத்துக்கு வருகிறாளா? இவனுக்காக இன்னும் வருந்த வேண்டும் என்று மால்கம் சொல்ல, போதும் என்கிறார் அப்பா. பல மேடையேற்றங்களில் இதெல்லாம் போர்க்களச் சத்தத்தில் கரைந்துபோகும். நல்ல இயக்குநர் ஒரு சொல்லையும் மாற்றாமல், மேக்டஃப் அழுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுத்தாலே போதும். ஆணாதிக்கம் ஆண்களையும் என்ன செய்கிறது என்பது நம் கண்முன் வந்துவிடும்.

பெண்கள் ஆண் வேடம் போடுவது பற்றி. லேடி மேக்பெத்தை முதலில் நடித்ததே ஒரு பையன்தான். ஷேக்ஸ்பியர் காலத்தில் தொழில்முறை மேடையில் பெண்களுக்கு இடமில்லை. 2012-இல் லண்டன் டான்மர் வேர்ஹவுஸ் அரங்கில் இயக்குநர் ஃபிலிடா லாயிட், பெண்களை மட்டும் வைத்து 'ஜூலியஸ் சீசர்' செய்தார். பெண்கள் சிறையில் கைதிகள் போடும் நாடகமாக அதை அமைத்தார். புரூட்டஸாக நடித்தவர் ஹாரியட் வால்டர். அதிகாரம் என்றால் என்னவென்று அன்றாடம் தெரிந்தவர்களின் வாயில் அந்த வசனங்கள் வரும்போது, கால் அகட்டி உட்காருவதும் அடுத்தவர் பேச்சை வெட்டிப் பேசுவதும் ரத்தத்தில் வந்தவையல்ல, பழகிக்கொண்டவை என்று புலப்படுகிறது. கட்டைக்குரலும் ஒட்டுமீசையும் மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வதுபோல் அது வெறும் உத்திதான்.

சரி, ஹெல்மர். உங்கள் இயக்குநர் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணை உருட்டும் வில்லனாக ஹெல்மர் வந்தால், அரங்கில் இருக்கும் ஆண்களெல்லாம் 'நான் இப்படி இல்லை' என்று நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள். ஹெல்மர் கை ஓங்குவதில்லை. மனைவியை வானம்பாடி, அணில் என்று கொஞ்சுகிறான். தபால் பெட்டியின் சாவி மட்டும் அவனிடம்தான். கணவனின் சம்மதமில்லாமல் பெண் கடன் வாங்க முடியாத ஊரில், அவன் உயிரைக் காப்பாற்றத்தான் நோரா அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டுக் கடன் வாங்குகிறாள். 1879-இல் வந்த நாடகம் இது; தான் நல்ல கணவன் என்று ஹெல்மர் மனதார நம்புவதில்தான் அதன் பயங்கரம் இருக்கிறது.

முடிவை மாற்றுகிறவர்களும் உண்டு. 2002-இல் பெர்லினில் இயக்குநர் தாமஸ் ஓஸ்டர்மையர் மேடையேற்றியபோது நோரா அவனைச் சுட்டுவிடுகிறாள். துணிச்சலான முடிவுதான், ஆனால் எனக்கு உவப்பில்லை. செத்தவன் யோசிக்க வேண்டியதில்லை. இப்சன் அவனை உயிரோடு விட்டுவைக்கிறார். நோரா அவனை விட்டு வெளியேறியதும் மேடையில் மிஞ்சுவது நீங்கள் ஒருவர்தான். முகத்தைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிகிறீர்கள், எழுந்து வெறும் அறையைப் பார்க்கிறீர்கள், ஏதோ ஒரு நம்பிக்கை தோன்றுகிறது, அதற்குள் கீழே கதவு அறைந்து சாத்தப்படுகிறது. அந்த இடத்தை இயக்குநரிடம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு முன்னால் ஒரு வரி இருக்கிறது. நோரா பொய்க் கையெழுத்துப் போட்ட அந்தக் கடன் பத்திரம் திரும்பி வந்ததும் ஹெல்மர் கூவுகிறான்: "நான் தப்பித்தேன்! நோரா, நான் தப்பித்தேன்!" "நான்?" என்கிறாள் அவள். "நீயும்தான்" என்கிறான். அந்த 'நீயும்தான்' என்பதைத் திமிரோடு சொல்லாதீர்கள். அவள் கேட்கும் வரை அவளைப் பற்றிய நினைப்பே வராதவன், அதில் தவறு இருப்பதாகவே தோன்றாதவன், முழு அன்போடு எப்படிச் சொல்வானோ அப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒத்திகையில் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.