வயலோர வீட்டுக்குக் காவல்: ராஜபாளையமா, ஜெர்மன் ஷெப்பர்டா?

கேட்ட சகோதரியின் நிலைமை இது. வலங்கைமான் பக்கம், ஊருக்கு வெளியே வயலை ஒட்டி வீடு. கணவர் சிங்கப்பூரில். வீட்டில் மாமியாரும், ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகளும். பத்து ஆடு, கொஞ்சம் கோழி. பம்புசெட்டில் ஒருமுறை ஒயரை அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காவலுக்கு ராஜபாளையம் வாங்கலாமா, ஜெர்மன் ஷெப்பர்ட் வாங்கலாமா, பிள்ளைகளோடு எது பழகும், எதைப் பழக்குவது சுலபம் என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் வீடு நீடாமங்கலம் பக்கம், கோரையாற்றங்கரை. இதே மாதிரி வயலோர வீடுதான். 2008-லிருந்து ராஜபாளையம், 2020-லிருந்து ஷெப்பர்ட் என்று இரண்டு இனத்தையும் வளர்த்துப் பார்த்திருக்கிறோம். உங்கள் வீட்டுக்கு ஷெப்பர்ட், அதுவும் பெட்டை என்பது என் கருத்து. ஆனால் ராஜபாளையத்தைப் பற்றி முதலில் சொல்லாமல் இதைச் சொன்னால் அது அந்த நாய்க்குச் செய்யும் துரோகம்.

2005-ல் அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. அப்பா அந்தத் தபால்தலையை வாங்கி சாமி படத்தின் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்தார். மூன்று வருடம் கழித்துத்தான் குட்டி வீட்டுக்கு வந்தது. வீரன் என்று பெயர் வைத்தோம். பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு, வயிறு ஒட்டிய உடம்பு. வளர்ந்து நின்றபோது முதுகு என் இடுப்புக்கு வந்தது. தீனி அதிகம் கேட்க மாட்டான். மெல்லிய ஒற்றை அடுக்கு முடி என்பதால் கத்திரி வெயிலிலும் களத்துப் புங்கமரத்தடியே அவனுக்குப் போதுமாக இருந்தது.

இந்த இனம் தெற்கே ராஜபாளையம் ஊர்ப் பக்கம் வறண்ட காட்டில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தது. மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி வேட்டையாடும் நாய். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பிவிடும். வீரனுக்கு "வா" என்றால் தெரியும், "உட்கார்" தெரியும். ஆனால் வரப்பில் ஒரு கீரி ஓடுகிறது என்று வையுங்கள், அந்த நேரத்தில் அவனுக்குக் காது கிடையாது. சொன்னதைக் கேட்காத நாய் என்று இதை நினைக்கக் கூடாது. வேட்டை நாய் ஓடும்போது மனிதன் பின்னால் எங்கோ இருப்பான். கேட்டுக் கேட்டு ஓடினால் பன்றி போய்விடும். தானே முடிவெடுக்கிற நாயைத்தான் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள்.

அந்த முடிவெடுக்கும் குணம் டெல்டாவில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். ஒரு வருடம் தண்ணீர் பற்றாமல் முறை வைத்து விட்டார்கள். பக்கத்து வயல் சித்தப்பாவுக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முறை. மடை திறக்க மண்வெட்டியோடு வந்தவர், சுற்றிப் போகாமல் எங்கள் களத்தைக் குறுக்கே கடந்தார். வீரன் குரைக்கவே இல்லை. எங்களுக்குக் கேட்டது சித்தப்பாவின் அலறல்தான். ஓடிப் போய்ப் பார்த்தால் கெண்டைக்காலைக் கவ்வி இருந்தான். அப்பா போய்க் கழுத்தைப் பிடித்த பிறகுதான் விட்டான்.

பம்புசெட்டுத் தண்ணீரில் சோப்புப் போட்டு கால் மணி நேரம் கழுவினோம். விடிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனேன். அன்று ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாட்களில் என்று ஊசி. வீரனுக்கு வருடா வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருந்தோம், ஆனாலும் கடிபட்டவருக்கு ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. சித்தப்பா கோபப்படவில்லை. "நாயைச் சொல்லிக் குத்தமில்லப்பா, நான் ஒரு குரல் குடுத்திருக்கணும்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு அவர் எங்கள் களத்துப் பக்கம் வரவே இல்லை. மடைக்கு ஆற்றங்கரை வழியாகச் சுற்றித்தான் போனார். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. வேறு யாராவது என்றால் வழக்காகியிருக்கும். நாயைக் கவனக்குறைவாக விட்டுப் பிறருக்குக் காயம் வந்தால் வளர்ப்பவர்தான் பொறுப்பு. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 289, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 291.

வீரன் ஒரு ஆட்டுக்குட்டியையும் கொன்றிருக்கிறான். நின்ற ஆட்டை அவன் தொட்டதே இல்லை. துள்ளி ஓடிய குட்டியைத்தான் துரத்தினான். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதே வீரன்தான் 2018 நவம்பரில் கஜா புயல் வேலி, தென்னை எல்லாவற்றையும் சாய்த்துப் போட்ட பிறகு வீட்டைக் காத்தான். கரண்ட் இல்லை, சுற்றி எல்லாமே திறந்து கிடந்தது. வயது பத்து ஆகியிருந்தது. விழுந்த தென்னைக்கும் வாசலுக்கும் நடுவில், ராத்திரி முழுக்கத் தலையைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருப்பான். அந்த நாட்களில் நாங்கள் தூங்கினோம் என்றால் அவனால்தான். வீட்டுப் பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் உறுமியதில்லை, எழுந்து வேறு இடம் போய்ப் படுப்பான். அப்பா இரண்டு நாள் வீட்டில் இல்லாவிட்டால் சோற்றைத் தொட மாட்டான். அவனுக்கு ஒரே ஆள்தான்.

இங்கேதான் உங்கள் வீட்டு நிலைமையை யோசிக்க வேண்டும். பால்காரர், நடவுக்கு வருபவர்கள், அறுப்பு மெஷின் ஆட்கள், வைக்கோல் ஏற்ற வருகிறவர்கள், திடீரென்று வந்து இறங்கும் சொந்தக்காரர்கள் என்று விடிகாலையிலிருந்து ஆள் நடமாட்டம் உள்ள வீடு இது. ஒரே ஆளுக்குக் கட்டுப்பட்டு, மற்றதைத் தானே முடிவு செய்கிற நாயை உயரமான மதில் சுவருக்குள், பழக்கத் தெரிந்தவர் கூடவே இருந்து வளர்க்க வேண்டும். மாமியாரும் சின்னப் பிள்ளைகளும் ஓடும் ஆட்டுக்குட்டிகளும் உள்ள திறந்த வீட்டில், அதுவும் முதல் நாயாக, அதை நான் சொல்ல மாட்டேன்.

வீரன் போனதும் 2019-ல் இன்னொரு ராஜபாளையம் வாங்கினோம். முத்து. வந்த சில வாரத்தில் தீபாவளி. தெருவில் அணுகுண்டு வெடிக்கிறது, கோழி எல்லாம் கூரைக்கு ஏறுகிறது, இவன் திண்ணையில் நிம்மதியாகத் தூங்குகிறான். தைரியசாலி என்று சந்தோஷப்பட்டோம். அம்மாதான் ஒரு தட்டையும் கரண்டியையும் எடுத்து வந்து அவன் தலைக்குப் பின்னால் தட்டினார். காது மடல்கூட அசையவில்லை. காலால் தரையை ஓங்கி மிதித்ததும் எழுந்து பார்த்தான்.

வெள்ளை நாய்களில் இது உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற அதே வகை உயிரணுக்கள் உள்காதிலும் வேண்டும். அவை அங்கே இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடும். விற்றவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. முத்து நல்ல பிள்ளை, கைச் சைகையிலேயே எல்லாம் கற்றுக்கொண்டான், அத்தை வீட்டில் செல்லமாக இருக்கிறான். ஆனால் ராத்திரிக் காவலுக்குக் காது வேண்டும். யார் ராஜபாளையம் வாங்கினாலும் குட்டியைத் தனியாகப் பிரித்து, அது பார்க்காதபோது, காற்றோ அதிர்வோ படாத தூரத்திலிருந்து தட்டிப் பாருங்கள். கூடப் பிறந்த குட்டிகளோடு இருந்தால் அவை எழுந்ததைப் பார்த்து இதுவும் எழுந்துவிடும், கண்டுபிடிக்க முடியாது.

சரி, ஷெப்பர்ட். எங்கள் ஊரில் பெரியவர்கள் இன்னும் அல்சேஷன் என்றுதான் சொல்வார்கள். இதைப் போலீஸ் நாய் என்றே எல்லோருக்கும் தெரியும், ஆனால் பிறவி வேலை ஆடு மேய்ப்பது. 1899-ல் மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி ஜெர்மனியில் சங்கம் தொடங்கி, மேய்ச்சல் நாய்களிலிருந்து இந்த இனத்தை உருவாக்கினார். அங்கே வேலி இல்லாத வயல்களின் ஓரமாக மந்தையை மேய்ப்பார்கள். ஆடு பயிருக்குள் இறங்காமல் எல்லைக்கோட்டில் முன்னும் பின்னும் நடந்துகொண்டே இருப்பதுதான் நாயின் வேலை.

இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்பே எங்கள் ராணியிடம் பார்த்துவிட்டேன். 2020-ல் வந்தாள். எட்டு மாதம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் ஆடுகளை வாய்க்கால் கரையில் விட்டிருந்தேன். இந்தப் பக்கம் புல், அந்தப் பக்கம் எங்கள் சம்பா. ராணி வரப்பு மேல் ஏறி, தலையைத் தாழ்த்திக்கொண்டு, கோடு போட்ட மாதிரி போவதும் வருவதுமாக இருந்தாள். ஒரு கிடா பயிரில் வாயை வைக்கக் கழுத்தை நீட்டியது. இவள் அதன் முகத்துக்கு நேரே போய் நின்றாள், அவ்வளவுதான். கடிக்கவில்லை, குரைக்கவில்லை. கிடா திரும்பிவிட்டது. உடனே என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். "சரிம்மா, நல்லது" என்றேன். மறுபடி நடக்க ஆரம்பித்தாள்.

அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் இரண்டு நாய்களுக்கும் உள்ள வித்தியாசம். மேய்ச்சல் நாய் மேய்ப்பவனின் கையைப் பார்த்து வேலை செய்து பழகியது. ராத்திரி யாராவது களத்தில் கால் வைத்தால் ராணி நாலைந்து அடி தள்ளி நின்று ஊரே எழும்படி குரைப்பாள். நான் வந்து "விடு" என்றால் நிறுத்திவிட்டு என் காலடியில் வந்து நிற்பாள். உங்கள் வீட்டுக்கு வேண்டிய காவல் இதுதான். ஒயர் திருட வருகிறவனுக்கு அந்தக் குரலே போதும், மடை திறக்க வருகிற சித்தப்பாவுக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் இது தானாக வராது. இரண்டு மாதக் குட்டியாக வந்த நாளிலிருந்து நாலு மாதம் ஆகும்வரை, தினமும் காலையில் அவளைத் திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஊசிகள் முடியாததால் தரையில் விடவில்லை. நடவுக்குப் போகிற அக்காமார்கள் ஒவ்வொருவர் கையிலும் அவித்த ஈரல் துண்டு ஒன்று கொடுத்து ஊட்டச் சொல்வேன். சேறு வாசனை, தொப்பி, குடை, கத்தி அரிவாள், டிராக்டர் சத்தம் எல்லாமே அப்போதே பழகிவிட்டது. அந்த வயதில் பார்க்காததை நாய் பிறகு பயத்தோடுதான் பார்க்கும், பயந்த நாய்தான் கடிக்கும். அப்புறம் "உட்கார்", "இரு", "வா", "விடு" நான்கு சொல், ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் "விடு" என்று பழக்கி மாமியார் "ச்சீ போ" என்றால் குழம்பிவிடும். ராணிக்கு ஒரு சொல்லை நாலைந்து முறையில் புரியவைக்க முடிந்தது. வீரன் மூன்றாவது முறையிலேயே முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

கடிக்கப் பழக்குகிறேன் என்று யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள். நண்பன் ஒருவன் ஆறு மாத ஷெப்பர்டை அப்படி ஒருவரிடம் விட்டான். திரும்பி வந்த நாய் கம்பைக் கண்டாலே சிறுநீர் கழித்தது, பிறகு வீட்டுப் பிள்ளையையே கடித்தது. எனக்கு அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

ஷெப்பர்டின் கஷ்டங்களையும் மறைக்கக் கூடாது. இரண்டு அடுக்கு முடி. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது ஆகாது. சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் ராணியை வெளியே விடுவதில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் இறங்கிக் கழுத்தளவு தண்ணீரில் நிற்பாள். வெயிலுக்கு என்று முடியை மழிக்கவும் கூடாது, தினமும் சீவி உதிர்வதை எடுத்தால் முடிக்குள் காற்று போகும். ஈரத்தோடு விட்டால் தோல் புண் வரும்.

அந்த முடிக்குள் உண்ணி ஏறினால் கண்ணுக்குத் தெரியாது. மூன்றாம் வருடம் ராணி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் ரத்தம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் காரில் தூக்கிப் போனோம். உண்ணிக் கடியால் வந்த காய்ச்சல், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு குறைந்திருந்தது. நாலு வாரம் மாத்திரை. அன்றிலிருந்து ராத்திரி தூங்கும் முன் காதுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்க்காமல் நான் படுப்பதில்லை. வயல் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சலும் வரும், அது மனிதருக்கும் தொற்றும். கூட்டுத் தடுப்பூசி போடும்போது எலிக்காய்ச்சலும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுப் போடுங்கள், வருடா வருடம் போடுங்கள்.

இடுப்பு மூட்டுக் கோளாறு இந்த இனத்தில் பரம்பரையாக வரும். தாய் தகப்பன் இரண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள், முடிந்தால் நேரில் அவை நடப்பதைப் பாருங்கள். பின்பக்கம் ரொம்பச் சரிந்து தவழ்வது போல நடந்தால் வேண்டாம். குட்டியை வழுக்கும் டைல்ஸில் ஓட விடாதீர்கள். வளர்ந்த பெட்டை 22-லிருந்து 32 கிலோ வரை இருக்கும், ஆண் 40 வரை போகும். பெட்டை என்று நான் சொன்னதற்கு இந்த எடையும் ஒரு காரணம், கயிற்றைப் பிடிக்கப் போவது நீங்களோ மாமியாரோதான். சோறு போட்டதும் ஓடவும் விடாதீர்கள், இரைப்பை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். ஒரே வேளையாகக் கொட்டாமல் இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியாது என்றால் ஷெப்பர்டும் வேண்டாம். வேலை இல்லாத ஷெப்பர்ட் பகல் முழுக்கக் குரைத்து, கட்டிய இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் புத்தி பேதலித்துப் போகும். அப்படியானால் தெருவில் பிறந்த நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, இதே மாதிரி பழக்குங்கள். குரல் கொடுக்க அது போதும்.

வாங்குவதானால் தை மாதத்தில் வாங்குங்கள். சம்பா அறுப்புக்கு ஆட்களும் மெஷினும் வரப்போக இருக்கிற காலம், குட்டிக்குக் காட்ட வேண்டிய எல்லாம் வாசலுக்கே வரும். கத்திரி தொடங்குவதற்குள் ஊசிகளும் முடிந்துவிடும்.