இருவரும் ரிவர்ஸ் எடுத்ததாக எழுதவிடாதீர்கள்

தம்பி, கனடாவுக்கு வந்து சில மாதத்திலேயே உங்களுக்கு இப்படி நடந்தது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஸ்காபரோ பிளாசா பார்க்கிங்கில் நீங்கள் காரை நிறுத்திக் காத்திருக்கும்போது, ரிவர்ஸ் எடுத்தவர் உங்கள் கதவில் இடித்திருக்கிறார். அங்கே "ஸொறி" சொன்ன மனிதர், மறுநாள் நீங்களும் ரிவர்ஸ் எடுத்ததாகச் சொல்லிவிட்டார். இப்போது காப்புறுதிக் கொம்பனியில் ஆளுக்குப் பாதிப் பிழை என்கிறார்கள். எந்தக் கொம்பனி மலிவு, குளிர்கால டயர் எங்கே வாங்குவது என்பதெல்லாம் ஒரு காப்புறுதிப் புரோக்கரிடம் கேளுங்கள். இந்தப் பாதிப் பிழையைத்தான் விடக்கூடாது.

நம் ஒன்ராறியோ மாகாணத்தில் "நோ ஃபோல்ட்" (பிழையில்லா) காப்புறுதி என்றதும், பிழை யாருக்கும் இல்லை என்று நம் ஆட்கள் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. உங்கள் சேதத்துக்கு உங்கள் சொந்தக் கொம்பனியோடு பேசுகிறீர்கள், அவ்வளவுதான். பிழை எத்தனை வீதம் என்பதற்கு அரசாங்கத்தின் விதிகள் இருக்கின்றன. பின்னாலிருந்து இடித்தால் பின்னால் வந்தவர் 100 வீதம். ரிவர்ஸ் எடுத்தவர் 100 வீதம். பனி, வழுக்கல், பார்வைக் குறைவு எதுவும் அந்தக் கணக்கை மாற்றாது. அதனால்தான் இடித்தவர் நீங்களும் ரிவர்ஸ் எடுத்ததாகச் சொல்கிறார்: இரண்டு காரும் பின்னோக்கி வந்தால்தான் பாதிக்குப் பாதி.

ஆகவே இன்றே அந்தப் பிளாசா கடைகளுக்குப் போய்க் கமரா பதிவைக் கேளுங்கள். அது சில நாட்களில் அழிந்துவிடும். உங்கள் கோரிக்கையைப் பார்க்கும் கொம்பனி ஆளான அட்ஜஸ்டருக்கு நடந்ததை ஈமெயிலில் எழுதுங்கள்: "நான் நின்றுகொண்டிருந்தேன், என் கார் அசையவில்லை." எந்த விதியின்படி 50 வீதம் போட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மசியாவிட்டால் மேலாளர், அப்புறம் கொம்பனியின் முறைப்பாட்டுப் பிரிவு, அதற்கும் மேலே, கொம்பனிக்கு வெளியே முறைப்பாடு கேட்கும் பொதுக் காப்புறுதி ஒம்புட்ஸ் சேவை (General Insurance OmbudService). இடித்தவர் சொன்ன "ஸொறி"யை மட்டும் நம்பி நிற்காதீர்கள். 2009இல் வந்த மன்னிப்புச் சட்டத்தின்படி ஒன்ராறியோவில் அது பிழையை ஒப்புக்கொண்டதாகாது.

இன்னொன்று, இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன். "கழுத்து நோகுதெண்டு போடுங்கோ தம்பி, காசு வரும்" என்று யாராவது வருவார்கள். தெரிந்த ஆள், நல்லவர் என்பார்கள். கிட்டப் போகாதீர்கள். இல்லாத காயத்தை எழுதுவது மோசடி. புதிதாக வந்தவனுடைய பெயரில்தான் அது நிற்கும், சொல்லிக் கொடுத்தவர் காணாமல் போய்விடுவார். அந்தப் பொய்களுக்கெல்லாம் சேர்த்துத்தான் நாங்கள் இங்கே பிரீமியம் கட்டுகிறோம். கூப்பிடாமலே வரும், கார் இழுக்கும் ரோ ட்ரக்கும் அப்படித்தான். காரை யார் இழுப்பது, எங்கே கொண்டுபோவது என்று தீர்மானிக்கும் உரிமை பொதுவாக உங்களுடையது. வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்.

நான் வந்தது தொண்ணூறுகளில். கென்னடி ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றேன், பின்னால் ஒரு வான் வந்து இடித்தது. அதன் ஓட்டுநர் நான் பின்னோக்கி உருண்டதாகப் பொலிசிடம் சரளமான ஆங்கிலத்தில் சொன்னார். எனக்கு "நோ, நோ" என்பதற்கு மேல் வாய் வரவில்லை. பஸ் தரிப்பில் நின்ற ஒரு வயதான பெண் பனிக்குள்ளே நடந்து வந்து, பஸ் ட்ரான்ஸ்பர் தாளின் பின்பக்கத்தில் தன் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் எழுதித் தந்தார். கொம்பனி அவரிடம் பேசியதோடு விஷயம் முடிந்தது. அவர் யார், எங்கிருந்து வந்தவர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் தங்கியிருந்த வீட்டில், பிரீமியம் ஏறும், கொம்பனிக்கு அறிவிக்காதே என்று முதலில் சொன்னார்கள். கேட்கவில்லை. அந்தக் குளிர்காலமே இரவு வகுப்பில் சேர்ந்து ஆங்கிலம் படித்தேன். இன்று என் பிள்ளைகளின் காருக்கு ஏதாவது என்றாலும் அட்ஜஸ்டரோடு நான்தான் பேசுவேன்.

உங்களுக்கு ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், ஒழுங்கு செய்து தரும் கொம்பனிகள் உண்டு. பேசியவர் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.