அப்பளமாகப் பரவும் குக்கீஸ்

கேள்வி: சாக்லேட் சிப் குக்கீஸ் சுட்டால் ஒன்றோடொன்று ஒட்டி, தட்டு முழுக்க அப்பளம் போலப் பரவிவிடுகின்றன. வெண்ணெயைக் காலையிலேயே வெளியே எடுத்து வைத்துவிடுகிறேனே?
- வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கோளாறே அந்த வெண்ணெயில்தான். சமையல் குறிப்புகள் சொல்லும் ‘அறை வெப்பநிலை’ குளிர்நாட்டுக்காரர்களுடையது. 18 முதல் 20 டிகிரி. நம் சிங்கப்பூர் வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறை 30ஐத் தொடும். அங்கே காலை முழுக்கக் கிடந்த வெண்ணெய் கிட்டத்தட்ட எண்ணெய்தான். சர்க்கரையோடு எவ்வளவு அடித்தாலும் காற்று நிற்காது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் துண்டு போட்டு 10, 15 நிமிடம் வைத்தால் போதும். அழுத்தினால் குழி விழ வேண்டும். விரல் பளபளக்கக் கூடாது.

உப்பில்லாத வெண்ணெய் 115 கிராம், பழுப்புச் சர்க்கரை 100, வெள்ளைச் சர்க்கரை 50, முட்டை 1, மைதா 160, சாக்லேட் சிப்ஸ் 150. பேக்கிங் சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு கால். மைதாவைத் தராசில் நிறுங்கள். கப்பில் அள்ளினால் ஒரு நாள் 120 கிராம் வரும், அழுத்தி அள்ளிய நாளில் 150 வரும்.

வெண்ணெயையும் சர்க்கரையையும் 2 நிமிடம் அடித்து முட்டை சேர்த்த பிறகு, மைதாவும் சோடாவும் உப்பும் போட்டு, வெள்ளை மறையும்வரை மட்டும் கிளறி, சிப்ஸைக் கலந்துவிடுங்கள். 40 கிராம் உருண்டைகளாக்கி ஃபிரிட்ஜில் 1 மணி நேரமாவது வையுங்கள். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அப்பளம் சுடுகிறார்கள்! ஓவன் 180 டிகிரிக்குச் சூடானபின் 11, 12 நிமிடம். ஓரம் சிவந்து, நடு வேகாதது போலத் தெரியும்போதே எடுத்துவிடுங்கள். தட்டின் சூட்டிலேயே 5 நிமிடத்தில் இறுகிவிடும். அடுத்த ஈட்டை அதே சூடான தட்டில் வைத்தால் ஓவனுக்குள் போகுமுன்பே உருகத் தொடங்கும். இன்னொரு தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: காலையில் மொறுமொறுவென்று இருந்தவை மாலைக்குள் நமத்துப்போகின்றன.
- வாசகர், தெம்பனிஸ்

பதில்: நம் ஊர்க் காற்றின் ஈரம். பழுப்புச் சர்க்கரை அதை இன்னும் இழுக்கும். மொறுமொறுப்புத்தான் முக்கியம் என்றால் வெள்ளை 100, பழுப்பு 50 என்று மாற்றிப் போட்டு, 2 நிமிடம் கூடுதலாகச் சுடுங்கள். நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். வெதுவெதுப்போடு மூடினால் அதன் ஆவியிலேயே நமத்துவிடும். நமத்தவற்றை 150 டிகிரியில் 5 நிமிடம் காட்டி ஆறவிடலாம்.

கேள்வி: முட்டை சேர்க்காமல் முடியுமா?
- வாசகி, ஈசூன்

பதில்: முடியும். முட்டைக்குப் பதில் கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி. கொஞ்சம் கேக் போல மெத்தென்று வரும். இதில் உருண்டை அதிகம் பரவாது; சுடுமுன் உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடுங்கள்.