மார்கழிக் குளிரில் குழந்தையோடு ஓடலாமா?

வணக்கங்க. ஒன்றரை வயது மகளைத் தள்ளுவண்டியில் வைத்து ரேஸ்கோர்ஸில் விடியற்காலை ஓடுகிறீர்கள், திரும்பும்போது அவள் கை சில்லிட்டிருக்கிறது, மாமியார் திட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஓடுகிற உங்களுக்குக் கொஞ்ச நேரத்தில் வேர்த்துவிடும். குழந்தையோ அசையாமல் உட்கார்ந்து எதிர்க்காற்றை வாங்குகிறாள். 18 டிகிரிதானே என்று நினைக்காதீர்கள், அவளுக்கு அது குளிர்தான். மெல்லிய பருத்திச் சட்டை, மேலே ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, சாக்ஸ், மடியில் ஒரு போர்வை போதும். கையைத் தொட்டு முடிவு செய்யாமல் பிடரியில் இரண்டு விரல் வைத்துப் பாருங்கள். கதகதப்பாக இருந்தால் சரி, வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். பனிக்குப் பயந்து வண்டியைத் துண்டால் முழுக்க மூடிவிடாதீர்கள், உள்ளே காற்றோட்டம் வேண்டும்.

அப்புறம், ஏழு மணிக்கு மேல் இளவெயில் வந்ததும் கிளம்பினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். சாதாரணத் தள்ளுவண்டியோடு ஓடவே ஓடாதீர்கள். ஓடுவதற்கென்றே மூன்று பெரிய சக்கரத்தில் வருகிறது. முன்சக்கரத்தைப் பூட்டி, வண்டி கைநழுவிப் போகாமலிருக்க அதன் கைப்பிடியில் இருக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள். சளியோ இளைப்போ இருக்கிற அன்று அவளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.