ஏஸ் அட்டர்னி: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்?

ஜப்பானின் காப்காம் நிறுவனம் 2001 முதல் வெளியிட்டுவரும் நீதிமன்ற மர்ம வீடியோ கேம் தொடர் ஏஸ் அட்டர்னி. சாட்சி சொல்வதில் உள்ள முரண்பாட்டை ஆதாரம் நீட்டி உடைக்கும் வக்கீலாக இதில் ஆடுகிறோம். வாசகர்கள் அதைப் பற்றிக் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இம்முறை பதில். முதல் பாகத்தின் முதல் கேஸைத் தவிர வேறெங்கும் குற்றவாளி யார் என்று சொல்லவில்லை. அந்தக் கேஸில் கொலைகாரனை கேமே தொடக்கக் காட்சியில் காட்டிவிடுகிறது.

கே: பத்துக்கும் மேற்பட்ட கேம்கள் இருக்கின்றன. கதை நடக்கும் ஆண்டு வரிசையில் ஆடுவதா, வெளியான வரிசையில் ஆடுவதா?

வெளியான வரிசையில்தான். முதல் மூன்று பாகங்கள் 2001, 2002, 2004 ஆண்டுகளில் வந்தவை. மூன்றும் சேர்ந்த தொகுப்பு 2019 முதல் ஸ்விட்ச், பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன், பிசி ஆகியவற்றில் கிடைக்கிறது. மொத்தம் 14 கேஸ்கள். மூன்றாம் பாகத்தில் முதல் கேஸும் நான்காம் கேஸும் பழைய காலத்தில் நடப்பவை. ஆண்டு வரிசை பார்க்கிறேன் என்று அவற்றை முன்னுக்கு இழுத்தால், முதல் இரண்டு பாகங்கள் ஊட்டிவைத்த எதிர்பார்ப்பு இல்லாமல் அவை வெறும் வழக்குகளாகிவிடும்.

முதல் பாகத்தின் ஐந்தாம் கேஸில் மட்டும் ஒரு சலுகை உண்டு. 2001 கேமில் நான்கு கேஸ்கள்தான். ஐந்தாவது, 2005ல் நின்டெண்டோ டிஎஸ் பதிப்புக்காக எழுதிச் சேர்த்தது, அதாவது மூன்றாம் பாகத்துக்குப் பிறகு. லூமினால் தெளிப்பது, பொடி தூவி ஊதிக் கைரேகை எடுப்பது, ஆதாரப் பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எல்லாம் இதில்தான் முதலில் வந்தன. நீளமும் அதிகம், கடினமும் அதிகம். நான்காம் கேஸின் வேகத்தில் வந்தவர்கள் இங்கே மூச்சு வாங்குவார்கள். அப்படியானால் இதை நிறுத்திவைத்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போகலாம். ஆனால் நான்காம் பாகமான அப்போலோ ஜஸ்டிஸுக்குள் நுழையும் முன் முடித்துவிடுங்கள். இந்தக் கேஸில் அறிமுகமாகும் எமா ஸ்கை அங்கே மீண்டும் வருகிறாள். அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்பது இதை ஆடியவர்களுக்குத்தான் உறைக்கும்.

கிரேட் ஏஸ் அட்டர்னி தனிக் கதை. மெய்ஜி கால ஜப்பானிலும் விக்டோரியா கால லண்டனிலும் நடப்பது. அதிலிருந்து தொடங்கினாலும் எதுவும் கெட்டுப்போகாது.

கே: முதல் கேஸின் கடைசியில் பாஸ்போர்ட்டைக் குருட்டாம்போக்கில் நீட்டினேன், ஜெயித்துவிட்டேன். கடிகாரத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?

இதைப் புரிந்துகொண்டால் தொடர் முழுவதற்கும் சாவி கிடைத்த மாதிரி. கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

பகல் 1 மணிக்குச் சடலத்தைப் பார்த்தேன் என்கிறான் சாட்சி சாவிட். பிரேதப் பரிசோதனை அறிக்கையோ சாவு மாலை 4 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் என்கிறது. உடனே அவன், டிவியில் மணி சொன்னது காதில் விழுந்தது என்று மாற்றுகிறான். அன்று பகல் முதல் மாலை 6 மணி வரை அந்தக் கட்டடத்தில் மின்சாரமே இல்லை என்று மின்தடைப் பதிவு காட்டுகிறது. அப்புறம், டிவி இல்லை, கடிகாரம் என்கிறான். கொலைக்குப் பயன்பட்ட சிலைதான் அந்தக் கடிகாரம். பார்த்தால் கடிகாரம் என்றே தெரியாது. தலையை அசைத்தால் வாயால் மணி சொல்லும். வீட்டுக்குள்ளேயே போகாதவனுக்கு அது எப்படித் தெரிந்தது?

இங்கேதான் உங்கள் கேள்வி வருகிறது. கொலை நடந்தது 4 மணிக்கு மேல், சாவிட் கேட்டது 1 மணி. நீதிமன்றத்தில் வைத்துப் பார்த்தால் கடிகாரம் 3 மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது. அன்றும் அது தவறாக ஓடியது என்பதற்கு என்ன ஆதாரம்? பாஸ்போர்ட்டைப் பாருங்கள்: இறந்த பெண் முந்தைய நாள்தான் பாரிஸிலிருந்து திரும்பியிருக்கிறாள். ஆங்கிலப் பதிப்பில் கதை நடக்கும் கலிஃபோர்னியாவைவிடப் பாரிஸ் நேரம் 9 மணி நேரம் முன்னால். இங்கே மாலை 4 என்றால் அங்கே நள்ளிரவு தாண்டி 1. ஊர் திரும்பியவள் கடிகாரத்தை மாற்றி வைக்கவில்லை. 12 மணி முகப்பில் 9 மணி நேரம் முந்துவதும் 3 மணி நேரம் பிந்துவதும் ஒரே இடத்தில்தான் முள்ளைக் கொண்டு நிறுத்தும். ‘மூன்று மணி நேரம் ஸ்லோ’ என்று எல்லோரும் படித்ததை ‘ஒன்பது மணி நேரம் ஃபாஸ்ட்’ என்று திருப்பிப் படித்ததும் வழக்கு முடிகிறது. தொடரின் ஜப்பானியப் பெயரில் உள்ள ‘கியாகுடென்’ என்ற சொல்லுக்கே தலைகீழாகப் புரளுவது என்றுதான் பொருள்.

ஒவ்வொரு பாகத்தையும் இந்தக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத்தான் நாம் மதிப்பிடுகிறோம். தேவையான தாள் எல்லாம் ஆட்டக்காரர் கையிலேயே இருந்து, அதைப் படித்தே முரண்பாட்டைப் பிடிக்க முடிந்தால் நல்ல கேஸ்.

கே: இரண்டாம் பாகம் சுமார் என்கிறார்களே, தாண்டிவிடலாமா?

கூடாது. மூன்றாம் கேஸான சர்க்கஸ் வழக்கு இழுவைதான், ஒப்புக்கொள்கிறோம். கோமாளியின் சாட்சியத்தில் வேடிக்கைப் பேச்சுக்கு நடுவே பயனுள்ள வரியைத் தேடுவதற்குள் பொறுமை போய்விடும். ஆனால் நான்காம் கேஸ் இந்தத் தொடரின் சிகரங்களில் ஒன்று. வக்கீலின் கடமை எது என்ற கேள்வியை நாம் ஆடும் வக்கீலான ஃபீனிக்ஸ் ரைட்டின் கழுத்தில் கத்தியாக வைக்கிறது. அதைத் தாண்டிப் போனால் எட்ஜ்வொர்த் என்ற அரசு வழக்கறிஞர் பாதிதான் புரிவார்.

மனப்பூட்டு அறிமுகமானதும் இந்தப் பாகத்தில்தான். ஒருவர் எதையாவது மறைத்தால் சங்கிலியும் பூட்டுகளும் தெரியும்; ஆதாரத்தை நீட்டி ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். முதல் பூட்டுக்கு ஆதாரம் இருக்கிறதே என்று உடனே இறங்குவதுதான் பலர் செய்யும் தவறு. பாதி வழியில் கைவசம் ஒன்றும் இல்லாமல் நிற்பீர்கள். பேச வேண்டியவர்களிடம் எல்லாம் பேசிவிட்டு, எத்தனை பூட்டோ கிட்டத்தட்ட அத்தனை துப்பு சேர்ந்தபின் தொடங்குங்கள். உடைத்து முடித்தால், தவறுகளால் இழந்த உயிர்ப்பட்டையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்.

இன்னொன்று. இந்தப் பாகத்தில் பொருள்களை மட்டுமல்ல, ஆட்களின் விவரக்குறிப்பையும் ஆதாரமாக நீட்டலாம். முதல் பாகத்தில் அது முடியாது. அந்தப் பழக்கத்தில், ‘யார்?’ என்ற கேள்விக்குப் பொருளைத் தேடி உயிரை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

கே: சரியான ஆதாரத்தைத்தான் நீட்டுகிறேன், ஆனாலும் தண்டனை விழுகிறது. ஏன்?

பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, ஆதாரம் சரி, வரி தவறு. சாட்சி சொல்லும் ஐந்தாறு வரிகளில் பொய்யின் சாயல் எல்லாவற்றிலும் இருக்கும். தாளோடு நேராக மோதுவது ஒன்றே ஒன்றுதான். இன்னொன்று, நீங்கள் முந்திக்கொண்டு யோசித்துவிட்டீர்கள். அடுத்த சாட்சியத்தில் வரவேண்டிய முரண்பாட்டை இப்போதே எழுப்பினால் கேம் ஏற்காது. கூர்மையான ஆட்டக்காரர்கள்தான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். ‘இந்த ஆள் கொலைகாரன் என்று எப்படிக் காட்டுவது’ என்று கேட்பதை விட்டுவிட்டு, ‘இந்த ஒரு வரி எந்தத் தாளோடு ஒத்துப்போகவில்லை’ என்று மட்டும் கேளுங்கள்.

வழிமுறை எளிது. முதல் சுற்றில் எதையும் நீட்டாதீர்கள். எல்லா வரிகளையும் அழுத்திக் கேளுங்கள். விதிவிலக்காக ஓரிரு இடங்களைத் தவிர, அழுத்திக் கேட்பதற்குத் தண்டனை கிடையாது. அதில் சாட்சி புது வரி சேர்ப்பார், அல்லது பழைய வரியைத் திருத்துவார். இரண்டாவது சுற்றில் நேரம், திசை, எண்ணிக்கை, கை இடதா வலதா என்று வார்த்தை வார்த்தையாகப் பிரித்து ஆதாரப் பட்டியலைத் திறந்து வைத்துப் பாருங்கள். பிரேதப் பரிசோதனை அறிக்கையை அடிக்கடி திருத்துவார்கள். நேற்று படித்தது இன்று செல்லாது. நீட்டும் முன் சேமித்துவிடுங்கள். முதல் பாகத்தில் ஐந்தாவது தவறோடு ஆட்டம் முடிந்துவிடும். இரண்டாம் பாகம் முதல் பட்டை முறை. எவ்வளவு போகும் என்பது முன்னமே மினுங்கும், பட்டையில் பெரும்பகுதி மினுங்கினால் அது பெரிய கேள்வி என்று பொருள்.

கே: அப்போலோ, டூயல் டெஸ்டினீஸ், ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸ் மூன்றில் எது மேல்? அப்போலோவின் வளையல் எனக்குப் பிடிபடவே இல்லை.

2007, 2013, 2016 ஆண்டுகளில் வந்த இந்த மூன்றும் 2024ல் ஒரே தொகுப்பாக வந்தன. இரண்டு கூடுதல் கேஸ்களும் உண்டு. நம் ஓட்டு ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸுக்கு.

வளையலை முதலில் முடித்துவிடுவோம். சாட்சி எதையோ மறைத்தால் வளையல் இறுகும். அவர் பேசும்போது பதற்றத்தில் உடம்பில் எங்கோ ஒரு சின்ன அசைவு வரும். அதை நெருக்கத்தில் பார்த்துப் பிடிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், வரியில் ஒரு சொல்லுக்குத்தான் அசைவு வரும். பார்வையை முகம், கழுத்து, கை என்று அலையவிட்டால் அந்தச் சொல் கடந்துபோய்விடும். ஓரிடத்தில் நிறுத்தி வரி முழுவதையும் ஓடவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அடுத்த இடம். அலுப்பான வேலைதான். படித்துப் பிடிப்பதைவிடக் கண்ணால் தேடுவது அதிகம் என்பதால் கடிகாரத்தின் சுகம் இதில் இல்லை.

டூயல் டெஸ்டினீஸின் மன அலகீடு அதைவிட நேர்மையானது. சாட்சியின் குரலில் மகிழ்ச்சி, கோபம், சோகம், அதிர்ச்சி என்று நான்கு உணர்ச்சிகள் காட்டப்படும். சொல்லும் செய்திக்குப் பொருந்தாத உணர்ச்சி எரிந்தால் அதைத் தொட வேண்டும். பயங்கரமான நொடியை விவரிக்கும்போது மகிழ்ச்சி எரிந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். தெரிந்துவிடுகிறது என்பதே குறையும்கூட. சுற்றிப் பார்த்து ஆராய்வதைக் கொலை நடந்த இடத்தோடு நிறுத்தியதும் நமக்கு வருத்தம். உயிர் தீர்ந்தாலும் தோற்ற இடத்திலிருந்தே நிறைந்த பட்டையோடு தொடரலாம்; புதியவர்களுக்கு அது வரம்.

ஸ்பிரிட் ஆஃப் ஜஸ்டிஸின் சில கேஸ்கள் குராயின் என்ற கற்பனை நாட்டில் நடக்கின்றன. தோற்ற வக்கீலுக்கும் கட்சிக்காரரின் தண்டனையே என்பது அங்கே சட்டம். இறந்தவரின் கடைசி நொடிகள் நீர்ப்பரப்பில் தெரியும். கேட்டது, முகர்ந்தது, வலித்தது எல்லாம் எழுத்தாக மிதக்கும். இளவரசி ரெய்ஃபா அதற்குச் சொல்லும் விளக்கத்தில் ஓட்டையைக் காண வேண்டும். சொல் என்ன என்பதோடு, எந்த நொடியில் தோன்றி எந்த நொடியில் மறைகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முரண்பாடு பாதி நேரம் வரிசையில்தான் ஒளிந்திருக்கும். காட்சியையே சாட்சியம்போலப் படிக்க வைத்ததால்தான் இதற்கு நம் ஓட்டு.

கே: கிரேட் ஏஸ் அட்டர்னியில் ஜூரிகளை மோதவிடுவது எப்படி?

லண்டன் வழக்குகளில் ஆறு ஜூரிகள். ஆறு பேரும் குற்றவாளி என்று சொல்லிவிட்டால், அவர்களது காரணங்களையே நீங்கள் குறுக்கு விசாரணை செய்யலாம். ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு மோதவிட்டுப் பெரும்பான்மையை மாற்ற வேண்டும். ஆதாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் நகராது. ஆறு பேரையும் முதலில் அழுத்திக் கேளுங்கள். சிலருடைய வரி அப்போது மாறும். மாறிய வரிதான் பெரும்பாலும் ஜோடியில் ஒன்று. பிறகு, ஒரே பொருளைப் பற்றி வெவ்வேறு விதமாகப் பேசும் இருவரைத் தேடுங்கள். சாட்சிக் கூண்டில் இரண்டு மூன்று பேர் நிற்கும்போது, ஒருவர் பேச மற்றவர் முகம் மாறினால் அங்கே நிறுத்தி விசாரியுங்கள். இந்தப் பல சாட்சி முறை 2012ல் பேராசிரியர் லேட்டன் என்ற புதிர் கேம் தொடரோடு சேர்ந்து வந்த கேமில் தொடங்கியது.

முதல் பகுதியின் இரண்டாம் கேஸில் நீதிமன்றமே கிடையாது, கப்பலிலேயே முடிகிறது. அங்கே சலித்து விட்டுவிடாதீர்கள். முதல் பகுதி பல முடிச்சுகளை அவிழ்க்காமலே முடியும். 2015, 2017ல் ஜப்பானில் தனித்தனியாக வந்த இரண்டையும் 2021 தொகுப்பு ஒன்றாகத் தருகிறது. இடைவெளி விடாமல் ஆடுங்கள். கதை மட்டும் போதும் என்பவர்களுக்குத் தானே ஓடும் கதை முறையும் அதில் இருக்கிறது.

கே: எட்ஜ்வொர்த் கேம்கள்?

மூன்றாம் பாகத்துக்குப் பின். நீதிமன்றம் இல்லை, சம்பவ இடத்தில் நடந்து திரிந்து, இரண்டு குறிப்புகளை இணைத்து முடிவுக்கு வர வேண்டும். 2011ல் வந்த இரண்டாவது, 2024 வரை அதிகாரபூர்வ ஆங்கிலத்தில் வரவே இல்லை. இரண்டில் அதுதான் மேல், சந்தேகமே வேண்டாம். அதிலுள்ள சதுரங்க வாதத்தில் எதிராளி தடுமாறும்வரை காத்திருந்து அடியுங்கள். அவர் உறுதியாகப் பேசும்போது பாய்ந்தால் நேரப்பட்டை கரையும்.

கே: மூன்றே நாளில் தீர்ப்பு, ஜூரி கிடையாது, கொலைக்கு 15 ஆண்டில் காலாவதி. அமெரிக்காவில் இப்படியா நடக்கும்?

நடக்காது. ஆங்கிலப் பதிப்புதான் கதையைக் கலிஃபோர்னியாவுக்கு மாற்றியது. எழுத்தாளர் ஷூ டகுமி எழுதியது ஜப்பானை வைத்து. மூன்று நாள் விதி கற்பனை. 15 ஆண்டு நிஜம்: 2001ல் ஜப்பானில் கொலைக்குக் காலவரம்பு அதுதான். 2005 முதல் 25 ஆண்டாக்கி, 2010ல் நீக்கியே விட்டார்கள். அங்கே குற்ற வழக்குகளில் 99 சதவீதத்துக்கு மேல் தண்டனையில்தான் முடிகின்றன. ஃபீனிக்ஸ் வாய் திறக்கும் முன்பே தோற்றவராக நடத்தப்படுவதை அதோடு சேர்த்துப் பாருங்கள். ஆறு குடிமக்கள் மூன்று நீதிபதிகளோடு அமரும் முறைக்கான சட்டம் 2004ல் நிறைவேறி, 2009 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நடுவில், 2007ல் வந்த அப்போலோ ஜஸ்டிஸின் கடைசிக் கேஸில் குடிமக்கள் தீர்ப்பு சொல்லும் முறையைச் சோதித்துப் பார்ப்பது அதனால்தான்.

கே: லேட்டனோடு சேர்ந்த கேம் எதில் கிடைக்கும்?

நின்டெண்டோவின் 3டிஎஸ் கைக்கருவியில் மட்டும். அதன் இணையக் கடையில் வாங்கும் வசதி 2023 மார்ச்சில் நின்றுவிட்டது. பழைய கேட்ரிட்ஜ்தான் வழி; வாங்கும்போது கருவியின் மண்டலமும் கேட்ரிட்ஜின் மண்டலமும் ஒன்றா என்று பாருங்கள், இல்லையென்றால் ஓடாது.