அம்மாவின் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 46. ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறார். சில மாதங்களாக ஒரே அசதி, மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8, ஈசினோஃபில் 16 சதவீதம். மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தெரிந்த ஒருவரோ, "எதிர்ப்புச் சக்தி இல்லாததால்தான் பூச்சி வந்திருக்கிறது" என்று 1,800 ரூபாய்க்கு ஒரு பவுடரை நீட்டுகிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகி, சேலம் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள் அம்மா. அந்தப் பணத்தில் உங்கள் அம்மாவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள்.

ஈசினோஃபில் என்பது ஒரு வகை வெள்ளை அணு. பொதுவாக 6 சதவீதத்துக்குள் இருக்கும் அது 16-க்கு ஏறியிருக்கிறதே, அதுதான் அவருடைய எதிர்ப்புச் சக்தி. மலத்தில் முட்டை தெரிவதற்குப் பல நாள் முன்பே இந்த அணுக்கள் பெருகத் தொடங்கிவிடும்.

சில்வர் ஓக் நிழலும் மக்கிய இலையும் ஈர மண்ணும் கொக்கிப்புழுவுக்கு மிகவும் தோதானவை. திறந்த வெளியில் கழித்த மலத்திலிருந்து முட்டை பொரித்து, கண்ணுக்குத் தெரியாத இளம்புழு மண்ணில் காத்திருக்கும். வெறுங்கால் பட்டால் விரலிடுக்கில் துளைத்து ஏறும். அந்த அரிப்பைச் சேற்றுப்புண் என்று நினைத்து மஞ்சள் பூசிவிட்டு மறந்துவிடுகிறோம். தோல் வழியாகப் புழு ஏறுகிறது என்பதே 1898 வாக்கில்தான் தெரியவந்தது. கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளரின் கையில் புழு கலந்த நீர் தவறிச் சிந்தியது. கை அரித்தது, பின்னாளில் அவருடைய மலத்திலேயே முட்டை தென்பட்டது. தோலில் ஏறிய புழு ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் வந்து கவ்விக்கொள்ளும்.

கிருமி என்றால் வெள்ளை அணு அப்படியே விழுங்கிவிடும். ஒரு சென்டிமீட்டர் நீளப் புழுவை எந்த அணுவால் விழுங்க முடியும்? அதனால் உடம்பு அதை வெளியே தள்ளப் பார்க்கிறது. குடல் சுவரிலுள்ள டஃப்ட் செல்கள் புழு வந்ததை மோப்பம் பிடித்து இன்டர்லூகின்-25 என்ற சமிக்ஞையை விடுகின்றன. அதைத் தொடர்ந்து இன்டர்லூகின்-13 சுரக்கிறது. குடலில் சளி பெருகுகிறது, நீர் கசிகிறது, குடல் வேகமாக அசைகிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் கூடுகிறது. ஈசினோஃபில்கள் இளம்புழுக்களைச் சூழ்ந்து நச்சுப் புரதங்களைக் கொட்டுகின்றன. எலிகளில் சில வகைப் புழுக்கள் இப்படியே இரண்டு வாரத்துக்குள் துடைத்தெறியப்பட்டுவிடுகின்றன.

மனிதக் கொக்கிப்புழு அவ்வளவு சுலபத்தில் போகாது. ரத்தம் உறையாமலிருக்கவும், நம் அணுக்களின் வேகத்தைத் தணிக்கவும் அது புரதங்களைச் சுரக்கிறது. எதிர்ப்பை அடங்கிப் போகச் சொல்லும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களைப் பெருக்குகிறது. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் குடலில் தங்குகிறது. தட்டம்மைபோல ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பதும் இதற்கு இல்லை. நெக்கேட்டர் என்ற வகைக் கொக்கிப்புழு ஒன்று நாளைக்குச் சுமார் 0.03 மி.லி. ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் மாதம் 90 மி.லி. அம்மாவின் அசதிக்குக் காரணம் புரிகிறதல்லவா?

சக்தியை "ஏற்றுகிறேன்" என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஐஜிஇயும் ஈசினோஃபிலும் கண்டபடி ஏறினால் வருவது தடிப்பும் இழுப்பும்தான்.

அல்பெண்டசோல் என்ற புழு மாத்திரை 400 மி.கி. ஒரு வேளை போதும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மாத்திரையில் முழுக்கப் போய்விடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து மலத்தை மறுபடி பரிசோதியுங்கள். பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளில் கொடுப்பது 1 முதல் 19 வயதினருக்கு; அம்மா அதில் வரமாட்டார் என்பதால் நீங்கள்தான் நினைவு வைத்திருக்க வேண்டும். இழந்த இரும்புச்சத்தைப் புழு மாத்திரை திருப்பித் தராது. மருத்துவர் சொல்லும் காலம்வரை இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். காப்பி, டீயோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், அவை சத்து உடம்பில் சேரவிடாது. வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை அவசியம்.

இன்னொன்று. புழு போன பிறகும் ஈசினோஃபில் இறங்காவிட்டால் ஸ்ட்ராஞ்சிலாய்ட்ஸ் என்ற புழுவுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். அது உடம்புக்குள்ளேயே பெருகக்கூடியது. இழுப்பு என்று நினைத்து ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் கட்டுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம். யாராவது ஸ்டீராய்டு எழுதினால், தோட்ட வேலை செய்பவர், ஈசினோஃபில் 16 இருந்தது என்று ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டிவிட்டு வாங்குங்கள்.